எல்லாவற்றுக்கும் போஸ்ட் போதாதா? எச்டிடிபி மெத்தட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி

கேள்வியின் சாரம் இது: "எங்கள் ஏபிஐயில் படிப்பதற்கு கெட், மற்ற எல்லாவற்றுக்கும் போஸ்ட் என்று வைத்திருக்கிறோம். நன்றாகத்தான் ஓடுகிறது. புட், பேட்ச், டெலீட் என்று பிரித்தே ஆக வேண்டுமா? புட்டுக்கும் பேட்சுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? ஆர்டரை ரத்து செய்வது டெலீட்டா, போஸ்ட்டா? தேடலில் ஃபில்டர்கள் குவிந்தால் கெட் எப்படித் தாங்கும்?"

முதலில் ஒரு வரி அறிமுகம்: ஏபிஐ என்பது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல். கிளையன்ட் (ப்ரவுசரோ ஆப்போ) அந்த வாசலுக்கு அனுப்பும் ஒவ்வொரு எச்டிடிபி ரிக்வெஸ்ட்டும் "இது என்ன வகை வேலை" என்று சொல்லும் ஒரு சொல்லோடு போகும், அதுதான் மெத்தட். உங்கள் ஏற்பாட்டில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. ரெஸ்ட் (பலரும் ஏபிஐக்களை வடிவமைக்கப் பின்பற்றும் கட்டமைப்புப் பாணி) என்ற பெயரையே 2000-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கொடுத்தவர் ராய் ஃபீல்டிங், எச்டிடிபி 1.1-ஐ எழுதியவர்களிலும் ஒருவர். போஸ்ட் பயன்படுத்துவதில் தவறில்லை என்று அவரே 2009-ல் தன் வலைப்பதிவில் எழுதியிருக்கிறார். ஆகவே "எல்லா மெத்தட்டையும் பயன்படுத்தாவிட்டால் அது ரெஸ்ட்டே இல்லை" என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் நாம் எல்லோரும் முதலில் படிக்கும் அந்த நான்கு வரி அட்டவணை: போஸ்ட் என்றால் உருவாக்கு, கெட் என்றால் படி, புட் என்றால் மாற்று, டெலீட் என்றால் அழி. இன்டர்வியூவில் சொல்ல வசதியானது. ஆனால் அதை நம்பி டிசைன் செய்ய உட்கார்ந்தால் இரண்டாவது நாளே "ரத்து செய்" எந்தக் கட்டத்தில் விழும் என்று முழிக்க வேண்டியிருக்கும். மெத்தட்கள் டேட்டாபேஸ் செயல்களின் மறுபெயர்கள் அல்ல.

அப்படியானால் அவை யாருக்காக? உங்கள் சர்வருக்கு மெத்தட் அவ்வளவு அவசியமே இல்லை. யூஆர்எல்லைப் பார்த்தாலே எந்த ஃபங்க்ஷனை ஓட்ட வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு கூட்டமே நிற்கிறது: ப்ரவுசர், கம்பெனி ப்ராக்ஸி (இடையில் நின்று ரிக்வெஸ்ட்டைக் கடத்தும் சர்வர்), சிடிஎன் (பதில்களின் நகல்களை வைத்துப் பக்கத்திலிருந்தே கொடுக்கும் சர்வர்கள்), லோட் பேலன்சர் (ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடுவது), எச்டிடிபி லைப்ரரி, தேடுபொறியின் கிராலர், மெயிலில் வரும் லிங்க்குகளைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள். ஆர்டர் என்றால் என்ன, பேமென்ட் என்றால் என்ன என்று இவற்றில் ஒன்றுக்கும் தெரியாது. மெத்தட்டையும் சில ஹெடர்களையும் (ரிக்வெஸ்ட்டோடு போகும் குறிப்பு வரிகளையும்) மட்டும் பார்த்து மூன்று முடிவுகளை எடுக்கின்றன. யாரும் கேட்காமல் நானாகவே இதை அனுப்பிப் பார்க்கலாமா? பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பலாமா? வந்த பதிலை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த முறை கொடுக்கலாமா? ஒரு மெத்தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றுக்கும் நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். மற்றதெல்லாம் அழகு சார்ந்த விவாதம்.

யாரும் கேட்காமல் ஓடும் கெட்

1991-ன் முதல் எச்டிடிபியில் கெட் ஒன்றுதான் இருந்தது. ஹெட்டும் (கெட் போலவே, ஆனால் ஹெடர்களை மட்டும் கேட்பது) போஸ்ட்டும் பிறகு வந்தவை. 1996-ல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. இன்று நடைமுறையில் உள்ள எச்டிடிபி நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9110, 2022 ஜூனில் வெளிவந்தது. அதன்படி கெட், ஹெட், ஆப்ஷன்ஸ் (எவை செல்லும் என்று கேட்பது), டிரேஸ் (அனுப்பியதை அப்படியே திருப்பிக் கேட்பது) நான்கும் "பாதுகாப்பானவை". அதாவது இவற்றை அனுப்புகிறவர் சர்வரில் எந்த மாற்றத்தையும் கேட்கவில்லை. சர்வர் தன் விருப்பத்துக்கு லாக் எழுதலாம், பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு அனுப்பியவர் பொறுப்பல்ல.

இந்த வாக்கை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் உள்ள லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்து வைத்து, கிளிக் செய்ததும் வேகமாகக் காட்டுவது அதன் வேலை. அந்தக் காலத்தில் பல வெப் ஆப்களில் "நீக்கு" என்பது பட்டனாக இல்லாமல் சாதாரண லிங்க்காக இருந்தது. லிங்க் என்றால் கெட். ஆக்சிலரேட்டர் நல்லபிள்ளையாக அந்த லிங்க்குகளையும் எடுத்துப் பார்த்தது. பயனர் எதையும் தொடாமலே பதிவுகள் காணாமல் போயின. முதலில் எல்லோரும் கூகுளைத்தான் திட்டினார்கள். ஆனால் நெறிமுறைப்படி பார்த்தால் தவறு லிங்க் வைத்தவர்களுடையது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம், இன்றும் இதே கதை மெயிலில் நடக்கிறது. செய்திமடலின் அடியில் "சந்தாவை நிறுத்து" என்று ஒரு லிங்க் இருக்கும். மெயில் வந்து சேர்வதற்கு முன்பே ஸ்பேம் தடுப்பு மென்பொருள் அதைத் திறந்து பார்க்கலாம். திறந்ததுமே சந்தா ரத்தாகும்படி எழுதியிருந்தால், மெயிலைப் படிக்காதவரின் சந்தாவும் போய்விடும். ஒரே கிளிக்கில் சந்தாவை நிறுத்துவதற்காக 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8058, அந்த ஒரு கிளிக் போஸ்ட்டாகத்தான் போக வேண்டும் என்று வைத்ததற்கு இதுதான் காரணம். மின்னஞ்சல் சரிபார்ப்பு லிங்க், ஒருமுறை மட்டும் செல்லும் லாகின் லிங்க் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அந்தப் பக்கத்தில் உள்ள பட்டன் போஸ்ட் அனுப்பட்டும்.

பாதுகாப்புக் கோணம் ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. குக்கியில் (லாகின் அடையாளம் போல ப்ரவுசர் சேமித்து வைத்து ரிக்வெஸ்ட்டோடு அனுப்பும் சிறு தகவல்) "சேம்சைட் லாக்ஸ்" என்று வைத்தால், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டுடன் அந்தக் குக்கி போகாது. ஆனால் வேறு தளத்தின் லிங்க்கைக் கிளிக் செய்து உங்கள் தளத்துக்கு வரும்போது, அது பாதுகாப்பான மெத்தட் என்பதால், குக்கியும் கூடவே வரும். அதாவது வேறு தளம் உங்கள் பயனரின் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுக்கும் ப்ரவுசரின் காவலே கெட் எதையும் மாற்றாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கெட்டில் பணம் அனுப்பும் வசதி வைத்தவருக்கு அந்தக் காவல் கிடையாது.

பதில் வராத போஸ்ட்

இப்போது இரண்டாவது வாக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் பணம் இரண்டு முறை பிடிக்கப்படுவது இங்கேதான்.

மொபைல் ஆப் ஒன்று "/ஆர்டர்கள்" என்ற முகவரிக்கு போஸ்ட் அனுப்புகிறது. சர்வர் அதைப் பெற்று, டேட்டாபேஸில் 42-ஆம் ஆர்டராக எழுதி, கமிட் செய்து (பதிவை உறுதியாக்கி), "உருவாக்கப்பட்டது" என்று பொருள்படும் 201 என்ற பதிலை அனுப்புகிறது. பதில் பாதி வழியில் இருக்கும்போது மொபைல் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறுகிறது, கனெக்ஷன் அறுகிறது. ஆப்புக்குத் தெரிந்தது "டைம் அவுட்" மட்டுமே. ரிக்வெஸ்ட் போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்து வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று கண்டுபிடிக்க அதனிடம் வழியே இல்லை. மறுபடி அனுப்பினால் 43-ஆம் ஆர்டர் விழலாம். அனுப்பாவிட்டால் ஆர்டரே இல்லாமல் போகலாம்.

இதே இடத்தில் புட் இருந்தால் கவலை இல்லை. "42-ஆம் ஆர்டரின் டெலிவரி முகவரி இது" என்று ஒருமுறை சொன்னாலும் ஐந்துமுறை சொன்னாலும் கடைசி நிலை ஒன்றுதான். இந்தப் பண்புக்குத்தான் ஐடெம்பொடென்ட் என்று பெயர். பாதுகாப்பான நான்கு மெத்தட்களோடு புட்டும் டெலீட்டும் இந்தப் பட்டியலில் சேரும். போஸ்ட்டும் பேட்சும் சேராது.

இதில் ஒரு தவறான புரிதல் அடிக்கடி வரும்: "டெலீட்டை இரண்டாவது முறை அனுப்பினால் 404 வருகிறதே, அப்புறம் எப்படி அது ஐடெம்பொடென்ட்?" பண்பு பதிலைப் பற்றியது அல்ல, சர்வரில் ஏற்படும் விளைவைப் பற்றியது. முதல் முறை 204 (முடிந்தது, திருப்பித் தர எதுவும் இல்லை), இரண்டாம் முறை 404 (அப்படி ஒன்று இல்லை) வரலாம். இரண்டுக்குப் பிறகும் அந்தப் பொருள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கிளையன்ட் எழுதுகிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்: மறுமுயற்சியில் 404 வந்தால் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பயனருக்கு "நீக்க முடியவில்லை" என்று சிவப்பு எழுத்தில் காட்டினால் அநியாயம்.

நடுவே நிற்பவர்கள் இந்தப் பட்டியலை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரே சாட்சி. பின்னால் உள்ள ஒரு சர்வர் விழுந்தால் ரிக்வெஸ்ட்டை அடுத்த சர்வருக்கு மாற்றிவிடும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் 1.9.13 பதிப்பிலிருந்து, ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்ட போஸ்ட்டையும் பேட்சையும் அது தானாக இன்னொரு சர்வருக்கு அனுப்புவதில்லை. நீங்கள் தனியாக அனுமதி எழுதினால்தான் உண்டு. கெட்டும் புட்டும் கேள்வியே இல்லாமல் மாற்றப்படும். ஆகவே புட் என்று பெயர் வைத்து உள்ளே "இருப்பில் 5 கூட்டு" என்று எழுதி வைத்திருந்தால், ஒருநாள் சர்வர் தடுமாறும்போது இருப்பு 10 கூடியிருக்கும். லாக்கில் தேடினால் கிளையன்ட் ஒருமுறைதான் அனுப்பியிருப்பார்.

டிஎல்எஸ் 1.3-இல் (எச்டிடிபிஎஸ் கனெக்ஷனை மறைகுறியாக்கும் நெறிமுறை) கனெக்ஷன் கைகுலுக்கல் முடியும் முன்பே முதல் ரிக்வெஸ்ட்டை அனுப்பும் வேகவழி ஒன்று இருக்கிறது. அந்த முதல் ரிக்வெஸ்ட்டை நடுவில் ஒருவர் பதிவு செய்து திரும்ப அனுப்ப முடியும் என்பதால், பாதுகாப்பான மெத்தட்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவது வழக்கம். அங்கும் முடிவெடுப்பது மெத்தட்தான்.

சரி, ஆர்டர் உருவாக்கும் போஸ்ட்டை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. நான் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வேன். கிளையன்ட் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி அடையாளத்தை, பொதுவாக ஒரு யூயூஐடியை (மற்றொன்றோடு மோதாத நீளமான அடையாள எண்), உருவாக்கி "ஐடெம்பொடென்சி-கீ" என்ற ஹெடரில் அனுப்பும். சர்வர் அந்தக் கீயையும் அதற்குக் கொடுத்த பதிலையும் சேமித்து வைக்கும். அதே கீயோடு மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் சேமித்த பதிலையே கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் ஏபிஐக்கள் பரவலாக்கிய முறை இது.

எளிதாகத் தெரியும், ஆனால் எழுதும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. கீயை பயனர் பட்டனை அழுத்தும்போது உருவாக்க வேண்டும்; ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புதிதாக உருவாக்கினால் கீ இருந்தும் பயனில்லை. சர்வர் பக்கத்தில் கீயை எழுதுவதும் ஆர்டரை எழுதுவதும் ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனில் (எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற தொகுப்பில்) நடக்க வேண்டும், கீயின் மேல் யுனிக் கட்டுப்பாடு (ஒரே கீ இரண்டுமுறை பதிவாகாது என்ற விதி) இருக்க வேண்டும். "முதலில் கீ இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று இரண்டு படியாக வைத்தால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு ரிக்வெஸ்ட்டுகளும் "இல்லை" என்ற பதிலைப் பார்த்துவிட்டு உள்ளே போகும். முதல் ரிக்வெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கீ வந்தால் 409 (மோதல்) கொடுங்கள். அதே கீயோடு வேறு தொகை வந்தால் அது கிளையன்ட்டின் பிழை, மறுத்துவிடுங்கள். பழைய பதிலைத் தூக்கிக் கொடுத்தால் பிழை மறைந்துபோகும்.

இரண்டாவது வழி, ஆர்டரின் ஐடியைக் கிளையன்ட்டே உருவாக்கி, அந்த யூஆர்எல்லுக்கே நேராக புட் அனுப்புவது. "இஃப்-நன்-மேட்ச்" ஹெடரில் நட்சத்திரக் குறி போட்டால் "ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு" என்று பொருள். முதல் முறை 201 வரும், மறுமுயற்சியில் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) வரும், கிளையன்ட் நிம்மதியாக நகரலாம். ஐடியை சர்வர்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடங்களில் இது மிகச் சுத்தமான டிசைன்.

புட்டும் பேட்சும்

"புட் என்றால் முழுவதும், பேட்ச் என்றால் கொஞ்சம்" என்ற ஒரு வரிப் பதில் எல்லா இடத்திலும் கிடைக்கும். தவறில்லை, ஆனால் அது எங்கே கடிக்கும் என்பதை அந்த வரி சொல்வதில்லை.

ஒரு பயனர் பதிவு இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் என்று மூன்று புலங்கள். பழைய ஆப் அதை கெட்டில் எடுத்து, தன் கிளாஸில் (நிரலில் அந்தப் புலங்களுக்கான அமைப்பில்) ஏற்றி, மின்னஞ்சலை மாற்றி, மூன்று புலங்களையும் புட்டில் திருப்பி அனுப்புகிறது. சரியாக வேலை செய்கிறது. ஆறு மாதம் கழித்து நீங்கள் "மொழி" என்ற நான்காவது புலத்தைச் சேர்க்கிறீர்கள். பழைய ஆப்புக்கு அந்தப் புலம் தெரியாது. ஜேசானில் (தகவலைப் புலமும் மதிப்புமாக எழுதி அனுப்பும் வடிவத்தில்) வந்ததை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மின்னஞ்சலை மாற்றி மூன்று புலங்களோடு புட் அனுப்பும். புட் என்பதன் பொருள் "இந்த யூஆர்எல்லில் இருப்பதை நான் அனுப்பியதாக மாற்று" என்பதே. அனுப்பாத மொழி அழிந்துபோக வேண்டும். பயனர் வெப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார், மொபைலில் மின்னஞ்சலை மாற்றியதும் வெப் வேறு மொழிக்குத் தாவியிருக்கும். சப்போர்ட்டுக்கு வரும் புகாரைப் படித்தால் யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது.

இதற்குப் பயந்து பல சர்வர்கள் "புட்டில் வராத புலத்தை அப்படியே விட்டுவிடு" என்று எழுதுகின்றன. அப்போது அது புட் என்ற பெயர்ப் பலகை மாட்டிய பேட்ச். வேலை நடக்கும், ஆனால் ஒரு புலத்தை நீக்க வேண்டுமென்றால் எப்படிச் சொல்வது என்ற கேள்வி திரும்ப எழும். அதற்கு பேட்சையே வைத்துவிடுவது நேர்மை.

பேட்ச் 2010-ல் ஆர்எஃப்சி 5789 வழியாக வந்தது. அந்த ஆவணம் பாடியில் (ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கத்தில்) என்ன அனுப்ப வேண்டும் என்று நிர்ணயிக்கவில்லை. "மாற்றங்களை விவரிக்கும் ஒரு வடிவம்" என்று மட்டும் சொல்லி, அந்த வடிவத்தை கன்டென்ட்-டைப் ஹெடரிடம் விட்டுவிட்டது. ஆகவே "நாங்கள் பேட்ச் தருகிறோம்" என்று டாக்குமென்டேஷனில் எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. எந்தப் பேட்ச்?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையானது ஜேசான் மெர்ஜ் பேட்ச், ஆர்எஃப்சி 7396. மாற வேண்டிய புலங்களை மட்டும் சாதாரண ஜேசானாக அனுப்பலாம். நல் (null, மதிப்பு இல்லை என்பதன் குறி) என்று அனுப்பினால் "அந்தப் புலத்தை நீக்கு" என்று பொருள். படித்தாலே புரியும். இரண்டு குறைகள் உண்டு. நல் என்பதையே ஒரு மதிப்பாக வைத்துக்கொள்ளும் டேட்டாவுக்கு இது ஒத்துவராது. லிஸ்ட்டின் நடுவில் ஒரு உறுப்பை மட்டும் மாற்ற முடியாது, முழு லிஸ்ட்டையும் அனுப்ப வேண்டும். ஐந்து டேக் உள்ள பதிவில் ஒரு டேக்கைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆறையும் அனுப்புங்கள்.

மெர்ஜ் பேட்சை ஜாவா மொழியிலோ கோ (Go) மொழியிலோ எழுதும்போது ஒரு கூடுதல் தொல்லை. ஜேசானை நேராக ஒரு கிளாஸிலோ ஸ்ட்ரக்டிலோ ஏற்றினால் "புலம் வரவில்லை" என்பதும் "புலம் நல் என்று வந்தது" என்பதும் ஒன்றாகிவிடும். முன்னதில் தொடக்கூடாது, பின்னதில் நீக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய பாடியை மேப்பாகப் படிக்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள டைப்பைப் பயன்படுத்த வேண்டும். பேட்ச் எண்ட்பாயின்ட்டில் முதலில் எழுத வேண்டிய டெஸ்ட் இதுதான் என்பேன்.

இன்னொன்று ஜேசான் பேட்ச், ஆர்எஃப்சி 6902. இதில் செயல்களின் வரிசையை அனுப்புகிறோம்: சேர், நீக்கு, மாற்று, நகர்த்து, நகலெடு, சோதி என்று ஆறு செயல்கள். ஒன்று தோற்றாலும் மொத்தமும் செல்லாது. லிஸ்ட்டுகளைத் துல்லியமாகக் கையாளும். ஆனால் "லிஸ்ட்டின் கடைசியில் சேர்" என்ற செயலை இரண்டுமுறை அனுப்பினால் இரண்டு உறுப்புகள் சேரும். பேட்ச் ஏன் ஐடெம்பொடென்ட் பட்டியலில் இல்லை என்பது இங்கே கண்கூடாகத் தெரியும். பெரிய ஆவணங்களைப் பலர் சேர்ந்து திருத்தும் இடம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபார்முக்கு இது அளவுக்கு மீறிய ஆயுதம்.

புட்டானாலும் பேட்சானாலும், இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் பின்னால் அனுப்பியவர் முன்னவரின் மாற்றத்தை அழித்துவிடும் ஆபத்து இருக்கிறது. எச்டிடிபியிலேயே இதற்கு மருந்து உண்டு. கெட் பதிலில் ஈடேக் ஹெடராக ஒரு பதிப்பு அடையாளத்தைக் கொடுங்கள். திருத்துகிறவர் அதை "இஃப்-மேட்ச்" ஹெடரில் திருப்பி அனுப்பட்டும். இடையில் பதிவு மாறியிருந்தால் 412. அந்த ஹெடர் இல்லாமல் வரவே கூடாது என்று கண்டிப்பாக இருக்க விரும்பினால் "நிபந்தனை தேவை" என்று சொல்லும் 428 இருக்கிறது. டேட்டாபேஸ் வரிசையில் பதிப்பு எண்ணுக்கென்று ஒரு புலம் இருந்தால் ஈடேக்குக்கு அதுவே போதும். ஹேஷ் எல்லாம் கணக்கிட வேண்டியதில்லை.

ரத்து செய்வது டெலீட்டா?

இல்லை. டெலீட் என்றால் அந்த யூஆர்எல்லுக்கும் அதன் பின்னால் உள்ளதற்கும் இருக்கும் தொடர்பை அறுத்துவிடு என்று பொருள். டெலீட் வெற்றி பெற்ற பிறகு அதே யூஆர்எல்லுக்கு கெட் அனுப்பினால் 404 அல்லது 410 (இருந்தது, இப்போது இல்லை) வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ரத்தான ஆர்டர் அப்படியா? அது பயனரின் பட்டியலில் "ரத்து" என்ற குறியோடு நிற்க வேண்டும், பணம் திரும்ப வேண்டும், கணக்கில் தடம் இருக்க வேண்டும். அது அழிவதில்லை, நிலை மாறுகிறது. உள்ளே டேட்டாபேஸில் வரிசையை உண்மையில் அழிக்கிறீர்களா, "நீக்கப்பட்டது" என்று கொடி மட்டும் போடுகிறீர்களா என்பது வேறு விஷயம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது மறைந்தால் டெலீட், மறையாவிட்டால் வேறு.

"பேட்ச் அனுப்பி நிலையை ரத்து என்று மாற்றினால் போதாதா?" போதும், எளிய இடங்களில். ஆனால் ரத்து செய்ய காரணம் கேட்க வேண்டும், பணத்தைத் திருப்ப வேண்டும், அனுப்பிவிட்ட ஆர்டரை ரத்து செய்யக் கூடாது என்று விதிகள் சேரச் சேர, ஒரு புலத்தின் மதிப்பு மாறியதைப் பார்த்து இத்தனையும் செய்யும் பேட்ச் ஒரு கண்ணிவெடியாகிவிடும். "/ஆர்டர்கள்/42/ரத்து" என்று ஒரு முகவரி வைத்து அதற்கு போஸ்ட் அனுப்புங்கள். யூஆர்எல்லில் வினைச்சொல் வரக் கூடாது என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். ரத்து என்பதே ஒரு பதிவு, அதற்கென்று நேரமும் காரணமும் உண்டு என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். ரத்தான ஆர்டரை மறுபடி ரத்து செய்ய வந்தால் பிழை காட்டாமல் இப்போதைய நிலையையே திருப்பிக் கொடுங்கள். அப்போது போஸ்ட்டாக இருந்தும் மறுமுயற்சிக்குப் பயமில்லை.

நேரம் எடுக்கும் வேலை என்றால் 202 (ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை) கொடுத்து, நிலையைப் பார்க்க ஒரு யூஆர்எல்லையும் கொடுங்கள்.

ஃபில்டர்கள் குவிந்த தேடல்

தேடல் எதையும் மாற்றுவதில்லை, எனவே இயல்பாகவே கெட். ப்ரவுசர் கேஷ் (எடுத்து வைத்த பதில்களின் சேமிப்பு), சிடிஎன், புக்மார்க், பகிர்ந்துகொள்ளும் லிங்க் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். யூஆர்எல் நீளம் பற்றிய பயம் பெரும்பாலும் மிகையானது: குறைந்தது 8000 பைட் நீள யூஆர்எல்லை எல்லோரும் தாங்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 9110 பரிந்துரைக்கிறது. அதில் எத்தனையோ ஃபில்டர்கள் அடங்கும். நடுவில் யாராவது தாங்காவிட்டால் 414 (யூஆர்எல் மிக நீளம்) வரும்.

உண்மையான கவலை வேறு. யூஆர்எல் எல்லா இடத்திலும் பதிவாகும்: சர்வர் லாக், ப்ராக்ஸி லாக், ப்ரவுசர் ஹிஸ்டரி. நோயின் பெயரையோ அடையாள எண்ணையோ வைத்துத் தேடும் வசதி என்றால் நீளம் குறைவாக இருந்தாலும் கெட் வேண்டாம்.

"கெட்டிலேயே பாடி அனுப்பினால்?" அனுப்பாதீர்கள். கெட்டின் பாடிக்குப் பொதுவான பொருள் எதுவும் வரையறுக்கப்படவில்லை. கேஷ் அதைப் பார்க்காது; ஒரே யூஆர்எல்லுக்கு வேறு வேறு பாடி அனுப்பினால் முதல் ஆளின் பதில் இரண்டாம் ஆளுக்குப் போகலாம். சில ப்ராக்ஸிகள் ரிக்வெஸ்ட்டையே மறுக்கும். ப்ரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ரிக்வெஸ்ட் அனுப்பப் பயன்படும் ஃபெட்ச் அதை அனுப்பவே விடாது, டைப்எரர் என்று நிறுத்திவிடும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் தன் தேடலில் பாடியோடு வரும் கெட்டை ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை, ஆனால் அதே தேடலை போஸ்ட்டிலும் ஏற்றுக்கொள்கிறது. காரணம் இந்தத் தொல்லைதான்.

ஆக மீதமிருப்பது போஸ்ட். தேடலுக்கு போஸ்ட் பயன்படுத்தினால் கேஷையும் தானாக நடக்கும் மறுமுயற்சியையும் இழக்கிறீர்கள், அவ்வளவுதான். கிராஃப்க்யூஎல் என்ற ஏபிஐ கேள்வி மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் பலரும் எல்லாவற்றையும் போஸ்ட்டில் அனுப்பி இந்த விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் எச்டிடிபி குழு "கொயரி" என்ற மெத்தட்டை வடிவமைத்தது: போஸ்ட் போலப் பாடி உண்டு, கெட் போலப் பாதுகாப்பானது, கேஷும் செய்யலாம். உங்கள் ஃப்ரேம்வொர்க்கும் சிடிஎன்னும் அதைப் புரிந்துகொள்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேட்காத சில சில்லறை விஷயங்கள்

மெத்தட் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. ப்ரவுசரின் ஃபெட்ச்சில் கெட், போஸ்ட், புட், டெலீட் ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் எழுதினாலும் அதுவே பெரிய எழுத்தாக்கி அனுப்பும். பேட்சுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. சின்ன எழுத்தில் எழுதினால் அப்படியே போய், சர்வர் தெரியாது என்று கைவிரிக்கும். புட் வேலை செய்கிறது, பேட்ச் மட்டும் செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

வேறு டொமைனிலிருந்து வரும் ஃப்ரன்ட்எண்ட் என்றால் புட், பேட்ச், டெலீட் எல்லாவற்றுக்கும் முன்னால் ப்ரவுசர் ஒரு ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் அனுப்பி அனுமதி கேட்கும். அதைத் தவிர்க்க எல்லாவற்றையும் போஸ்ட்டாக வைக்கிறோம் என்பார்கள் சிலர். ஜேசான் அனுப்பும் போஸ்ட்டுக்கும் அதே ஆப்ஷன்ஸ் போகத்தான் செய்யும், எனவே லாபம் இல்லை. அந்த ஆப்ஷன்ஸில் லாகின் டோக்கன் வராது என்பதால், அதற்கு 401 (லாகின் இல்லை) கொடுக்கும் சர்வரில் எதுவும் வேலை செய்யாது.

ஆதரிக்காத மெத்தட் வந்தால் 405 கொடுங்கள், கூடவே "அலவ்" ஹெடரில் எவை செல்லும் என்று சொல்லுங்கள், அது கட்டாயம். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும்போது 301 வைத்தால், போஸ்ட்டாகக் கிளம்பியது ப்ரவுசரில் கெட்டாக மாறிப் பாடியைத் தொலைத்துவிட்டு வரும். மெத்தட் மாறாமல் இருக்க 308.

இப்போது உங்கள் ஏபிஐயில்

ஓடிக்கொண்டிருக்கும் ஏபிஐயை அட்டவணைக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டாம். நானாக இருந்தால் முதலில் எல்லா கெட் ஹேண்ட்லர்களையும் திறந்து, எதிலாவது டேட்டாபேஸ் எழுத்து நடக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அதை இந்த வாரமே போஸ்ட்டாக்கிவிடுங்கள். அடுத்து, பணமோ இருப்போ மாறும் போஸ்ட்டுகளுக்கு ஐடெம்பொடென்சி கீ. அதற்கு அடுத்து, "புதுப்பி" என்ற பெயரில் போஸ்ட்டாக இருப்பவற்றில் பலர் சேர்ந்து திருத்தும் பதிவுகள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் இஃப்-மேட்ச் சேருங்கள். "/பயனர்/நீக்கு" என்று போஸ்ட்டாக இருப்பது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அதை டெலீட்டாக மாற்றி, பழைய ஆப் பதிப்புகளை உடைத்து, கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. புதிதாக எழுதும் எண்ட்பாயின்ட்டுகளில் டெலீட் வையுங்கள்.